ஏஐ டேட்டா சென்டர்களின் மின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஏஐ எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பேச்சு வந்தால், அது ‘ஒரு கேள்விக்கு எவ்வளவு’ என்ற கணக்கில்தான் போய் நிற்கும். கூகுள் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட கணக்குப்படி, அதன் ஏஐ உதவியாளரான ஜெமினியில் நடுத்தரமான ஓர் எழுத்துக் கேள்விக்கு 0.24 வாட்-மணி ஆகிறது. அதாவது ஒரு யூனிட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள். கேட்கச் சின்னதாக இருக்கிறது, உண்மையிலும் சின்னதுதான். ஆனால் விதி எழுத உட்காருபவருக்கு இந்த எண்ணால் பெரிய பிரயோஜனம் இல்லை. யார் எத்தனை கேள்வி கேட்டார்கள் என்பது, அதற்குப் பதில் சொல்லும் சர்வர்கள் குவிந்த டேட்டா சென்டருக்குக் கரண்ட் கொடுக்கும் துணை மின்நிலையத்துக்குத் தெரியாது. இந்த இடத்தில், இந்த நேரத்தில், இத்தனை மெகாவாட் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

இதை எழுதுவது இரண்டு தரப்புக்காக: விதிகளை வரையும் இடத்தில் இருப்பவர்கள், அப்புறம் ‘கருத்து சொல்லுங்கள்’ என்று வரைவு வெளியானதும் அதைப் படித்துக் கேள்வி கேட்க நினைப்பவர்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்குபடுத்துபவரின் கையில் உண்மையான பிடி இருக்கும் ஒரே நேரம், மின் இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முந்தைய நேரம். கட்டடம் எழும்பி சர்வர்கள் ஓட ஆரம்பித்த பிறகு நடப்பதெல்லாம் பேரம்தான். கீழே உள்ள படிகளின் வரிசையும் அந்தக் கணக்கில்தான் போகிறது.

படி 1: மொத்த யூனிட்டை விட்டுவிட்டு இடத்தையும் நேரத்தையும் பாருங்கள்

சர்வதேச எரிசக்தி முகமையின் 2025 அறிக்கை சொல்வது: 2024இல் உலகின் எல்லா டேட்டா சென்டர்களும் சேர்ந்து சுமார் 415 டெராவாட்-மணி (ஒரு டெராவாட்-மணி என்பது 100 கோடி யூனிட்) மின்சாரம் எடுத்தன, உலகப் பயன்பாட்டில் இது ஏறத்தாழ 1.5 சதவீதம். 2030இல் இது சுமார் 945 ஆகலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. 1.5 சதவீதம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கூச்சல் என்று தோன்றும். ஆனால் அயர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் அந்த நாட்டின் மீட்டர் கணக்கில் வந்த மின்சாரத்தில் டேட்டா சென்டர்களின் பங்கு 5 சதவீதம், 2023இல் 21 சதவீதம். அதிலும் பெரும்பகுதி டப்ளினைச் சுற்றியே குவிந்திருக்கிறது. உலக சராசரி இங்கே ஒன்றையும் சொல்லாது.

அதனால் முதல் வேலை ஒரு வரைபடம். எந்தத் துணை மின்நிலையத்தில் எத்தனை மெகாவாட் மிச்சம் இருக்கிறது, ஆண்டின் உச்சத் தேவை எந்த மாதம் எந்த மணியில் வருகிறது, எத்தனை மெகாவாட் கேட்டு விண்ணப்பங்கள் காத்திருக்கின்றன என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். இது இல்லாமல் எழுதப்படும் எந்த விதியும் ஆசை வார்த்தைதான்.

ஏஐ வந்த பிறகு நிலைமை ஏன் இவ்வளவு வேகமாக மாறியது என்பதற்கு ஒரு ரேக்கை, அதாவது சர்வர்களை அடுக்கும் அலமாரியைப் பார்த்தால் போதும். பழைய பாணி சர்வர் ரேக் ஒன்று பெரும்பாலும் 10 கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும். சிப் நிறுவனமான என்விடியாவின் ஜிபி200 வகையில், 72 ஏஐ சிப்களை அடுக்கிய ஒரே ரேக் சுமார் 120 கிலோவாட் இழுக்கிறது. கட்டடத்தின் பரப்பளவைப் பார்த்து அனுமதி கொடுக்கும் உள்ளாட்சி அமைப்பு, அதே நாலு சுவருக்குள் பத்து மடங்கு மின்பளு வந்து உட்கார்ந்ததை மிகவும் தாமதமாகத்தான் தெரிந்துகொள்ளும்.

படி 2: யாருக்கு விதி என்பதை மெகாவாட்டில் சொல்லுங்கள்

‘ஏஐ டேட்டா சென்டர்’ என்பதற்குச் சட்டத்தில் வரையறை எழுதப் போனால் வழக்கறிஞர்களுக்குத்தான் லாபம். ஒரே ஹாலில் காலையில் மாடலுக்குப் பயிற்சி நடக்கும், மாலையில் வீடியோ வேலை நடக்கும். இதில் எது ஏஐ என்று யார் போய்ப் பார்ப்பது? மின்பளுவை வைத்து எல்லை போடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

எல்லை ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சர்வர் முதலான ஐடி கருவிகளின் மின் திறன் 500 கிலோவாட் இருந்தாலே அறிக்கை தர வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2025இல் 20 மெகாவாட்டுக்கு மேற்பட்டவர்களைத் தனிக் கட்டணப் பிரிவாக்கியது. டெக்சஸில் சட்டமாகிவிட்ட செனட் மசோதா 6 பிடிப்பது 75 மெகாவாட்டும் அதற்கு மேலும். தகவல் கேட்க எல்லையைத் தாழ்வாக வையுங்கள், காசும் கட்டுப்பாடும் கேட்கும் இடத்தில் உயர்த்திக்கொள்ளுங்கள்.

இரண்டு ஓட்டைகளை இங்கேயே அடைக்க வேண்டும். ஒன்று, எல்லை 25 மெகாவாட் என்றால், 24 மெகாவாட் வீதம் நாலு கம்பெனிப் பெயரில் நாலு விண்ணப்பம் போட்டு அதில் சிக்காமல் நழுவுவது. ஒரே வளாகம், ஒரே உரிமைக் குழுமம் என்றால் கூட்டித்தான் பார்ப்போம் என்று எழுதிவிடுங்கள். இரண்டாவது, இடத்தை வாடகைக்கு விடும் மையங்கள். சர்வர் வாடகைக்காரருடையது, மீட்டர் உரிமையாளருடையது என்று இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு, வாடகைக்காரரிடமிருந்து தகவல் வாங்குவது அவர் பாடு.

படி 3: கணக்குக் கேளுங்கள், வெளியிடவும் வையுங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஆற்றல் திறன் நெறிமுறைப்படி முதல் அறிக்கைக்கான கெடு 2024 செப்டம்பர் 15, அதன்பின் ஆண்டுதோறும் மே 15. மின் பயன்பாடு, தண்ணீர், வெளியேறும் வெப்பம், புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு எல்லாம் அதில் அடங்கும். நல்ல ஆரம்பம்தான். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை வரும் மொத்தக் கணக்கு, மின்கட்டமைப்பை இயக்குபவருக்குப் பழைய செய்தி.

நான் கேட்கச் சொல்வது இவை: மாத யூனிட், மாதத்தின் உச்ச மெகாவாட், ஒப்பந்த மின்பளுவில் எத்தனை சதவீதம் உண்மையில் எடுக்கப்பட்டது, டீசல் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் எந்தக் காரணத்துக்காக ஓடியது, வளாகத்துக்குள் எரிவாயு எரித்து உற்பத்தி செய்தது எவ்வளவு. மூன்றாவதுதான் முக்கியம். 100 மெகாவாட் பதிவு செய்துவிட்டு 40 மட்டும் எடுப்பவர், மிச்சம் 60ஐ யாருக்கும் பயன்படாமல் பூட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

‘வர்த்தக ரகசியம்’ என்ற பதில் கண்டிப்பாக வரும். எந்தச் சிப், எத்தனை சிப், எந்த வாடிக்கையாளர் என்பதை ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும், பிரச்சினை இல்லை. ஒரு வளாகம் பொது மின்கட்டமைப்பிலிருந்து எடுக்கும் மின்சாரம் எந்த வகையில் ரகசியம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மாடல் பக்கத்திலிருந்தும் ஒரு சின்னப் பிடி உண்டு. ஐரோப்பாவின் ஏஐ சட்டப்படி, பொதுப்பயன் மாடல்களை (பல வகை வேலைகளுக்கும் பயன்படும் ஏஐ மாடல்களை) வெளியிடுவோர் அந்த மாடலுக்கு ஆன மின்சாரத்தை, அல்லது அதன் மதிப்பீட்டைத் தங்கள் தொழில்நுட்ப ஆவணத்தில் எழுத வேண்டும். 2025 ஆகஸ்ட் 2 முதல் இது நடப்பில் இருக்கிறது. ஆவணம் அதிகாரிகளுக்குத்தான் போகும், பொதுமக்கள் பார்வைக்கு வராது.

படி 4: பியூஇ என்ற எண்ணை மட்டும் நம்பி விதி எழுதாதீர்கள்

எல்லா வரைவிலும் இந்த எண் இருக்கும். வளாகம் மொத்தமாக எடுக்கும் மின்சாரத்தை, சர்வர் முதலான ஐடி கருவிகள் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது பியூஇ. 1.0 வந்தால் எடுத்த மின்சாரம் முழுவதும் ஐடி கருவிகளுக்கே போகிறது என்று அர்த்தம். டேட்டா சென்டர் துறையை ஆராயும் அப்டைம் இன்ஸ்டிடியூட்டின் 2024 கணக்கெடுப்பில் சராசரி 1.56. கூகுள் தன் மையங்களுக்கு 2024க்குச் சொன்ன எண் 1.09. ஜெர்மனியின் 2023 சட்டப்படி, 2026 ஜூலைக்குப் பின் தொடங்கும் மையங்கள் 1.2ஐ எட்ட வேண்டும். பழையவற்றுக்கு 2027இல் 1.5, 2030இல் 1.3.

இந்த எண்ணில் எங்கே ஏமாறலாம் என்று பார்ப்போம். ஒரு மையம் மொத்தம் 13 மெகாவாட் எடுக்கிறது, அதில் ஐடிக்கு 10 என்றால் பியூஇ 1.3. அடுத்த ஆண்டு அவர்கள் நல்ல சர்வர்களை வாங்கி, பாதிச் சும்மா ஓடியவற்றை அணைத்து, அதே வேலையை 8 மெகாவாட்டில் முடிக்கிறார்கள். குளிரூட்டலும் மற்றவையும் 2.6 மெகாவாட்டாகக் குறைகின்றன. மொத்தம் 10.6. கிட்டத்தட்ட இரண்டரை மெகாவாட் மிச்சம். ஆனால் பியூஇ என்ன தெரியுமா? 1.325. எல்லை 1.3 என்று எழுதியிருந்தால், மின்சாரத்தை மிச்சம் பிடித்தவர் விதியை மீறியவர் ஆகிவிடுகிறார்.

இன்னொன்று இதைவிட நுணுக்கமானது. சர்வருக்குள் இருக்கும் குட்டி விசிறிகள் எடுக்கும் மின்சாரம் ஐடி கணக்கில்தான் சேரும். ஹாலின் வெப்பநிலையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் குளிரூட்டும் இயந்திரத்தின் வேலை குறையும், ஒரு கட்டம் வரை இது நிஜமான சேமிப்பு. அதையும் தாண்டி ஏற்றினால் உள்ளே இருக்கும் விசிறிகள் வேகமெடுக்கும், விசிறியின் மின் தேவை வேகத்தின் மும்மடிக்கு நெருக்கமாக ஏறும், அந்த வீண் செலவு முழுவதும் வகுக்கும் எண்ணில் போய்ச் சேர்ந்து பியூஇயை இன்னும் அழகாகக் காட்டும். திரவக் குளிரூட்டலில் நேர் எதிர்: விசிறிகளின் வேலை வெகுவாகக் குறைவதால் மொத்த மின்சாரம் குறையும், ஆனால் பியூஇ அந்த அளவுக்குக் குறையாது, சில நேரம் கூடியதுபோலவும் தெரியலாம்.

அதற்காகப் பியூஇயைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கட்டடத்தின் வடிவமைப்பைச் சோதிக்க அது நல்ல கருவி. எந்த மின்பளுவில் அளப்பது, ஆண்டு சராசரியா ஒரு நாள் அளவா, மீட்டர் எந்த இடத்தில் என்று சேர்த்து எழுதுங்கள். சிங்கப்பூர் 2024இல் அறிவித்த இலக்கு, முழு ஐடி மின்பளுவில் 1.3 அல்லது அதற்குள் என்று சொல்கிறது. ஜெர்மனி, தொடங்கி இரண்டு ஆண்டுக்குள் எட்டினால் போதும் என்கிறது, ஏனென்றால் பாதி காலியாக ஓடும் புதுக் கட்டடத்தில் எண் மோசமாகத்தான் வரும். கூடவே மொத்த மெகாவாட்டுக்கு ஓர் உச்சவரம்பும் இருக்கட்டும். விகிதத்தை அழகாகக் காட்டிக்கொண்டே இரண்டு மடங்கு பெரிதாக வளர்வதை விகிதத்தால் தடுக்க முடியாது.

படி 5: இணைப்பு ஒப்பந்தம். மற்ற எல்லாவற்றையும்விட இதில் நேரம் செலவிடுங்கள்

ஒரே கம்பெனி ஐந்து இடத்தில் இணைப்புக் கேட்டு விண்ணப்பம் போடும், எங்கே முதலில் கிடைக்கிறதோ அங்கே கட்டும். இது கல்யாண மண்டபத்தை ஐந்து தேதிக்கு முன்பதிவு செய்துவைத்துவிட்டு நாலை ரத்து செய்வது போலத்தான், ஆனால் இங்கே முன்பதிவை நம்பி மின் நிறுவனம் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, உயரழுத்தக் கம்பி இழுத்து, அந்தச் செலவை எல்லார் கட்டணத்திலும் ஏற்றியிருக்கும்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். ஏஇபி ஒஹாயோ என்ற மின் நிறுவனம் விண்ணப்பங்களைச் சமாளிக்க முடியாமல் 2023இல் மத்திய ஒஹாயோவில் புது டேட்டா சென்டர் ஒப்பந்தங்களையே நிறுத்தி வைத்தது. 2025 ஜூலையில் மாநில ஆணையம் புது விதியை ஏற்றது: 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புது மையங்கள், கேட்ட மின்பளுவில் குறைந்தது 85 சதவீதத்துக்கு, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், 12 ஆண்டு வரை பணம் கட்ட வேண்டும். பணபலத்தை நிரூபிக்க வேண்டும், பாதியில் விலகினால் கட்டணம் உண்டு. விளைவு? சுமார் 30,000 மெகாவாட்டாக இருந்த விண்ணப்ப வரிசை 13,000 மெகாவாட்டாகச் சுருங்கியது. பாதிக்கும் மேற்பட்ட தேவை காற்றில் கரைந்தது.

ஆகவே ஒப்பந்தத்தில் இவை இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆய்வுக் கட்டணம் (டெக்சஸில் குறைந்தது 1 லட்சம் டாலர்). இதே திட்டத்துக்காக வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்ற உறுதிமொழி. நிலம் கையில் இருப்பதற்கான ஆதாரம். குறைந்தபட்சக் கட்டணம். விலகல் கட்டணம். இத்தனை ஆண்டுக்குள் எடுக்காத மின்பளு தானாகத் திரும்பி வந்துவிடும் என்ற பிரிவு. கடைசியாகச் சொன்னதை வரைவுகளில் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

வாக்கியம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். ‘நிறுவனம் இயன்றவரை மின் சிக்கனத்தைக் கடைப்பிடிக்க வேண்டும்’ என்று இருந்தால் அந்தப் பிரிவு செத்த பிரிவு. ‘ஒப்பந்த மின்பளு 20 மெகாவாட்டுக்கு மேற்பட்ட இணைப்பில், 36 மாதங்களுக்குப் பின் பயன்படுத்தாத மின்பளு அறிவிப்பின்றி ரத்தாகும்’ என்று இருந்தால் அதற்கு உயிர் இருக்கிறது. எண், கெடு, தானாக நடக்கும் விளைவு ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். இந்த 20ம் 36ம் உதாரணத்துக்குத்தான், உங்கள் வரைபடம் என்ன சொல்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் பில்லில் இது எப்படி ஏறுகிறது என்று சந்தேகப்படுபவர்களுக்கு: அமெரிக்காவின் 13 மாநிலங்களில் மின்கட்டமைப்பை நடத்தும் பிஜேஎம் அமைப்பின் திறன் ஏலத்தில் (தேவைப்படும்போது மின்சாரம் தரத் தயாராக இருக்க மின் நிலையங்களுக்குக் கொடுக்கும் விலை இதில்தான் முடிவாகும்), 2024-25க்கு ஒரு மெகாவாட்டுக்கு ஒரு நாள் விலை 28.92 டாலர். அடுத்த ஆண்டுக்கு 269.92. அதற்கடுத்த ஆண்டுக்கு 329.17, அதுவும் உச்சவரம்பு இருந்ததால் அங்கே நின்றது. பெரும் பங்குக்கு டேட்டா சென்டர் தேவையே காரணம் என்று அந்தச் சந்தையின் சுயேச்சைக் கண்காணிப்பாளரே சொன்னார்.

இணைப்பையே கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாமா? சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை அதைத்தான் செய்தது, பிறகு போட்டி வைத்து 2023இல் நாலு விண்ணப்பங்களுக்கு மொத்தமே சுமார் 80 மெகாவாட் கொடுத்தது. விதி எழுத அவகாசம் கிடைத்தது உண்மை. தேவை எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போனதும் உண்மை.

படி 6: நெருக்கடி நேரத்தில் யார் முதலில் குறைப்பது என்பதை முன்கூட்டியே எழுதுங்கள்

மின்கட்டமைப்பு திணறுவது ஆண்டு முழுவதும் அல்ல, சில பத்து மணி நேரங்களில்தான். டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் 2025 கணக்கு ஒன்று: புதுப் பெரிய மின்பளுக்கள் தங்கள் ஆண்டுத் தேவையில் 0.25 சதவீதத்தை மட்டும் விட்டுக்கொடுத்தால், அமெரிக்காவின் இப்போதைய மின்கட்டமைப்பிலேயே 76,000 மெகாவாட் கூடுதலாகச் சேர்க்க இடம் இருக்கிறது. கம்பி, கோபுரம் என்று காகிதத்தில் வராத சிக்கல்கள் இருக்கும்தான், ஆனாலும் திசை தெளிவு.

ஏஐயில் இது ஓரளவு சாத்தியமும்கூட. மாடல் பயிற்சியை ஓரிடத்தில் சேமித்து நிறுத்தி, ரெண்டு மணி நேரம் கழித்துத் தொடரலாம். பயனர் பதிலுக்குக் காத்திருக்கும் வேலையை அப்படி நிறுத்த முடியாது. கூகுள் 2025இல் இரண்டு அமெரிக்க மின் நிறுவனங்களுடன், ஏஐ பயிற்சி வேலையை நெருக்கடி நேரத்தில் தள்ளிப்போடும் ஒப்பந்தம் போட்டது. டெக்சஸில் 2025 இறுதிக்குப் பின் இணையும் 75 மெகாவாட்காரர்கள் அவசர நிலையில் குறைத்தே ஆக வேண்டும், விருப்பம் கேட்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. ‘குறைக்கிறோம்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டீசல் ஜெனரேட்டரைப் போடுவதும் குறைப்புக் கணக்கில் வரும். கட்டமைப்புக்கு நிம்மதி, பக்கத்துத் தெருவுக்குப் புகை. டீசலுக்குத் தனியாக மணிக்கணக்கு வரம்பு எழுதுங்கள்.

படி 7: திடீரென்று கழன்றுகொள்ளவும் விடாதீர்கள்

அதிகமாக இழுப்பதைப் பற்றியே பேசுகிறோம், ஒரேயடியாக விட்டுவிடுவதும் ஆபத்துதான். 2024 ஜூலை 10 அன்று மாலை, வர்ஜீனியாவில் 230 கிலோவோல்ட் கம்பி ஒன்றில் மின்னல் காப்பான் பழுதானது. கம்பி தானாகத் திரும்பத் திரும்ப இணைய முயன்றதில் 82 விநாடிக்குள் ஆறு முறை மின்னழுத்தம் சரிந்து எழுந்தது. அங்கிருந்த யுபிஎஸ்களில் பலவற்றுக்கு, ஒரு நிமிடத்தில் மூன்று தடவை அழுத்தம் சரிந்தால் பேட்டரிக்கும் ஜெனரேட்டருக்கும் மாறிவிடு, ஆள் வந்து சொல்லும்வரை திரும்பாதே என்று கட்டளை. சுமார் 60 டேட்டா சென்டர்கள், 1,500 மெகாவாட், ஒரே மூச்சில் கட்டமைப்பிலிருந்து கழன்றன. எடுக்க ஆளில்லாத மின்சாரத்தால் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் மேலே ஏற, கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் மின்னழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மின்தேக்கி அடுக்குகளை அகற்றித்தான் அழுத்தத்தை இறக்கினார்கள். ஒவ்வொரு மையமும் தன்னளவில் சரியாகத்தான் நடந்துகொண்டது, எல்லாருக்கும் ஒரே மாதிரி அமைப்பு என்பதுதான் சிக்கல்.

விதியில் வேண்டியது: இவ்வளவு ஆழம், இவ்வளவு நேரம் அழுத்தம் சரிந்தாலும் விலகக் கூடாது என்ற வரம்பு. திரும்ப இணைவது படிப்படியாக, கட்டமைப்பு இயக்குபவர் சொல்லும் வேகத்தில். யுபிஎஸ் அமைப்பை மாற்றினால் தகவல் தர வேண்டும். பயிற்சி வேலையில் ஆயிரக்கணக்கான சிப்கள் ஒரே நொடியில் ஓடி ஒரே நொடியில் காத்திருக்கும், அப்போது பல பத்து மெகாவாட் ஏறி இறங்கும். அதற்கும் ஒரு வேக வரம்பு போடுங்கள்.

படி 8: ‘100 சதவீதம் பசுமை’ என்றால் எந்த மணியில் என்று கேளுங்கள்

பகலில் சூரிய மின்சாரத்துக்கான சான்றிதழை ஆண்டுக் கணக்கில் வாங்கி, ராத்திரி நிலக்கரி மின்சாரத்தில் ஓடிக்கொண்டே 100 சதவீதம் என்று சொல்ல இப்போதைய கணக்கு முறை இடம் தருகிறது. மணிக்கு மணி பொருந்த வேண்டும், உற்பத்தி அதே மின்கட்டமைப்பில் இருக்க வேண்டும், நிலையம் புதிதாகக் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் கேட்க முடியாவிட்டால் முதலில் இரண்டாவதைக் கேளுங்கள்.

மீட்டருக்குப் பின்னால், அதாவது வளாகத்துக்குள்ளேயே நடக்கும் சொந்த மின் உற்பத்தியையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், எலான் மஸ்க் தொடங்கிய எக்ஸ்ஏஐ நிறுவனத்தின் வளாகத்தில் எரிவாயு டர்பைன்கள் ‘தற்காலிகம்’ என்ற விலக்கின் பெயரில் ஓடி, 2025 ஜூலையில்தான் 15 டர்பைன்களுக்கு அனுமதி கிடைத்தது. இணைப்பு விதி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பேர் சொந்த உற்பத்தி பக்கம் சாய்வார்கள். எனவே இரண்டையும் ஒரே விதித்தொகுப்பில் கட்டுங்கள்.

படி 9: வெப்பமும் தண்ணீரும்

குளிர் நாடுகளில் வெளியேறும் வெப்பத்தை வீடுகளுக்குக் கொடுக்கலாம், ஜெர்மனி 2026 ஜூலைக்குப் பின் தொடங்கும் மையங்களிடம் 10 சதவீத மறுபயன்பாட்டில் ஆரம்பிக்கிறது. வெப்ப நாடுகளில் வாங்க ஆளில்லை, எழுதிப் பயனில்லை. தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்வித்தால் மின்சாரம் குறையும், தண்ணீர் போகும். மின்சாரத்துக்கு மட்டும் வரம்பு போட்டால் சுமை கிணற்றின்மேல் விழும், அதனால் இரண்டுக்கும் சேர்த்து வரம்பு.

படி 10: மீறினால் என்ன, மாறினால் என்ன

அபராதத்தை ஒரு நிலையான தொகையாக எழுதினால் அது அவர்களுக்கு இன்னொரு கட்டணம், அவ்வளவுதான். ஒப்பந்த மின்பளுவைக் குறைப்பதுதான் உறைக்கும் தண்டனை. மீட்டர் தகவல் நேராக மின் நிறுவனத்திலிருந்து ஒழுங்குமுறை ஆணையத்துக்கு வரட்டும், கம்பெனியே அனுப்பும் எக்செல் தாளை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சிப் தலைமுறை ஒன்றிரண்டு ஆண்டில் மாறுகிறது, இணைப்பு ஒப்பந்தம் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடுகிறது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எண்களை மறுபரிசீலனை செய்வோம் என்று எல்லா வரைவிலும் இருக்கும். ஆனால் பழைய ஒப்பந்தங்களுக்குப் பழைய விதியே என்று அடியில் ஒரு வரி இருந்தால் அந்த மறுபரிசீலனை இனி வருபவர்களைத்தான் தொடும், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களைத் தொடாது. ‘அவ்வப்போது திருத்தப்படும் விதிகள் இந்த ஒப்பந்தத்துக்கும் பொருந்தும்’ என்ற வரி இருக்கிறதா என்று கருத்துக் கேட்புக் காலம் முடிவதற்குள் பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான எண்ணையும் வாங்கி வையுங்கள்.